மேடையில போட்ட வீடு, மண்ணுல நிக்கிற வீடு: செட் டிசைனிலிருந்து ஆர்க்கிடெக்சருக்கு

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த எபிசோடை வழக்கமான ரூம்ல இல்லாம, பழவேற்காட்டுல எங்க அம்மா வீட்டுத் திண்ணையில உக்காந்து பதிவு பண்றேன். நடுவுல மோட்டார் போட்டுச் சத்தம் வரும், காக்கா வரும், அண்ணி கூப்பிடுவாங்க. எதையும் வெட்டப் போறதில்லை.

போன தடவை பேச்சுவாக்குல, "ஏழெட்டு வருஷம் நாடகத்துக்கு செட் போட்டுட்டு இப்போ ஆர்க்கிடெக்சர் முதுகலை படிக்கிறேன்"னு ஒரு வரி சொன்னேன். அதுக்கப்புறம் வந்த மெசேஜ் எல்லாம் ஒரே கேள்விதான். பி.ஆர்க் இல்லாம எப்படி எம்.ஆர்க்? திரும்பி வந்தா ஆர்க்கிடெக்ட்னு போர்டு மாட்டலாமா? முப்பது வயசுல இதெல்லாம் தேவையா? கடைசிக் கேள்வி எங்க பெரியம்மா கேட்டது. மத்த ரெண்டுக்கும் இன்னிக்கு முடிஞ்ச அளவுக்கு ஒழுங்கா பதில் சொல்றேன். ஆனா முதல்ல ஒரு கதையைச் சொல்லாம என்னால இதைப் பேச முடியாது. அதைச் சொல்றதுல எனக்குப் பெருமை ஒண்ணுமில்லை.

இந்த வீடு சுனாமிக்கு அப்புறம் கட்டிக் கொடுத்த வீடு. 2004 டிசம்பர்ல எனக்கு ஒன்பது வயசு. ஓலை வீடு போச்சு, ரெண்டு மூணு வருஷம் தகரக் கொட்டகை, அப்புறம் இந்தத் தளம் போட்ட வீடு. யார் கட்டினாங்கன்னு பேர் வேண்டாம். அன்னிக்கு எங்களுக்கு அது அரண்மனை.

2021 பிப்ரவரியில அண்ணன் மகனுக்குக் காதுகுத்து. சொந்தக்காரங்க எல்லாம் வரப் போறாங்க. முன் அறையில மேலே தளம் உப்பிப் போய், கம்பி போற வழியெல்லாம் பழுப்புக் கோடு விழுந்திருந்தது. ஒரு இடத்துல கம்பியே வெளிய தெரியுது. அம்மா சொன்னாங்க, "நீதான் நாடகத்துல வீடெல்லாம் கட்றியே, இதைக் கொஞ்சம் பாருடி"ன்னு. நானும் பார்த்தேன். ரெண்டு நாள்ல முடிச்சேன். பொரிஞ்சதைச் சுரண்டி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அப்பி, தேய்ச்சு, பழைய சுண்ணாம்புக் கலரை அப்படியே கலந்து அடிச்சேன். பழசை பழசா காட்டறது, புதுசை பழசா காட்டறது, பழசை புதுசா காட்டறது, இதுதானே என் தொழில். வந்தவங்க எல்லாரும் அண்ணாந்து பார்த்து "புது வீடு மாதிரி இருக்கே"ன்னாங்க. எனக்குக் கைதட்டு கேட்ட மாதிரி இருந்தது.

நவம்பர் மழையில அந்தத் துண்டு விழுந்தது. முறம் அளவு. நான் அப்பினது மட்டும் இல்லை, அதுக்கு மேல இருந்த கான்கிரீட்டும் சேர்ந்து. மத்தியான வேளையில பையனுக்குத் தூளி கட்டுற இடம் அது. அன்னிக்கு அண்ணி அவனைத் தூக்கிக்கிட்டு ரேஷன் கடைக்குப் போயிருந்தாங்க. ஒத்திகை நடுவுல வாட்ஸ்அப்ல போட்டோ வந்தது. தூளிக் கயிறு தொங்குது, கீழே கல்லும் தூசியும். அண்ணன் ஒரு வார்த்தை எழுதலை, போட்டோ மட்டும்.

யாரும் என்னைத் திட்டலை. அந்தத் துண்டு எப்படியும் விழுந்திருக்கும்னு பிறகு ஒரு இன்ஜினியர் சொன்னார். ஆனா உப்பியிருந்த தளம் ஒரு எச்சரிக்கை. அந்த எச்சரிக்கையை நான் கலர் அடிச்சு மறைச்சேன். அது மறைஞ்சதாலதான் அதே இடத்துல திரும்பத் தூளி கட்டினாங்க.

அந்தக் கம்பிக்கு என்ன ஆச்சு?

இதை நான் புரிஞ்சுக்க ரொம்ப நாள் ஆச்சு. உங்கள்ல பாதிப் பேர் மெரினா பக்கமோ ஈசிஆர் பக்கமோ வாடகைக்கு இருக்கீங்க, அதனால சொல்றேன். கான்கிரீட்டுக்குள்ள கம்பி துருப்பிடிக்காம இருக்கறதுக்குக் காரணம், சிமென்ட்டோட காரத்தன்மை கம்பி மேல ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி வைக்கறது. கடல் காத்துல இருக்கிற உப்பு, அதாவது குளோரைடு, மெல்ல உள்ள இறங்கி அந்தப் படலத்தை உடைக்கும். துரு வரும். துரு, இரும்பை விடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளிருந்து தள்ளும். தளம் உப்பும், வெடிக்கும், விழும்.

இதைத் தள்ளிப்போட முக்கியமா உதவறது கம்பிக்கு மேல எவ்வளவு கனத்துக்குக் கான்கிரீட் இருக்குங்கிறது. மேஸ்திரிங்க "கவர்"னு சொல்லுவாங்க. நம்ம நாட்டு விதி ஐ.எஸ். 456, 2000-ல வந்த பதிப்பு, சாதாரணச் சூழல்ல 20 மில்லிமீட்டர் கவர் போதும்னு சொல்லுது. கடலோரம்னா 45. கடல் நீர்த் திவலை நேரா படற இடம்னா 50. கான்கிரீட்டோட தரமும் சாதாரண இடத்துல எம் 20, கடலோரத்துல எம் 30, திவலை படற இடத்துல எம் 35-னு ஏறும். எங்க வீட்டுல விழுந்த துண்டை அண்ணன் எடுத்து வெச்சிருந்தார். ஸ்கேல் வெச்சு அளந்தேன், கவர் ஒரு விரல் கனம்கூட இல்லை. இதோட, கலக்குறதுக்கு உப்புத் தண்ணியோ கழுவாத மணலோ சேர்ந்துட்டா, எதிரி வெளியிலிருந்து வரவே வேண்டாம், முதல் நாளே உள்ள இருப்பான்.

உடைஞ்ச இடத்துல மட்டும் நல்ல கலவையா ஒட்டுப் போட்டா சரியாகிடுமான்னு கேட்டேன். ஆகாதாம். சுத்தியிருக்கிற கான்கிரீட்ல உப்பு ஏற்கெனவே இறங்கியிருந்தா, ஒட்டுக்குப் பக்கத்துல துரு ஆரம்பிக்கும். நல்லா போட்ட ஒட்டே பக்கத்து இடத்தைக் கெடுக்கும். இதைக் கேட்ட அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை.

இதுக்கு முன்னாடி யாரெல்லாம் தாவியிருக்காங்க

மேடையிலிருந்து கட்டடத்துக்குப் போறது புதுசு ஒண்ணும் இல்லை. இதுல எனக்குப் பிடிச்ச ஆள் இனிகோ ஜோன்ஸ். 1573-ல லண்டன்ல, துணித் தொழில் செஞ்ச ஒருத்தருக்கு மகனா பிறந்தவர். 1605 ஜனவரியில அரண்மனையில பென் ஜான்சன் எழுதின ஒரு கேளிக்கை நாடகத்துக்கு அவர் செட் போட்டார். அதுல ஒரு செயற்கைக் கடல், அலை அசையற மாதிரி. பெரிய சிப்பிக்குள்ள ராணியும் தோழிகளும் உக்காந்து வந்தாங்க. எங்க ஊர்ல இதைச் சொன்னா "கடலை எதுக்குச் செய்யணும்"னு கேப்பாங்க, அது வேற விஷயம்.

அப்புறம்தான் அவர் படிச்சார். 1613, 14-ல இத்தாலி முழுக்கச் சுத்தினார். கையில பல்லாடியோ எழுதின கட்டடக்கலைப் புத்தகம், ஓரத்துல எல்லாம் இவரோட குறிப்பு. கட்டடத்துக்கு முன்னாடி நின்னு, புத்தகத்துல இருக்கிற படத்தோட ஒப்பிட்டு எழுதினது. அந்தப் பிரதி இன்னும் ஆக்ஸ்ஃபோர்டுல இருக்கு. அந்தக் காலத்துல முதுகலைப் படிப்புன்னா அதுதான்னு நான் நினைச்சுக்குவேன். 1615-ல அரசரோட கட்டட வேலைகளுக்குத் தலைமை. அப்போ அவருக்கு 42 வயசு. பெரியம்மா, கேட்டுக்கோங்க. 1619-ல பழைய விருந்து மண்டபம் எரிஞ்சு போக, 1622-க்குள்ள புதுசா பேங்க்வெட்டிங் ஹவுஸ் கட்டினார். நாடகம் போடறதுக்குத்தான் அந்த மண்டபம். ஆனா 1636-ல மேல்கூரையில ரூபன்ஸோட ஓவியங்களைப் பதிச்சதும், மெழுகுவத்திப் புகையில ஓவியம் கெட்டுடும்னு நாடகத்தை வெளிய அனுப்பிட்டாங்க. தன் கட்டடத்துலயே தன் செட்டுக்கு இடம் இல்லை. எனக்கு இதுல ஒரு அல்ப சந்தோஷம்.

நம்ம பக்கத்துல ஜெஃப்ரி பாவா. இலங்கை. இவர் நாடகக்காரர் இல்லை, வக்கீல். 1948-ல பெந்தோட்டை பக்கம் ஒரு ரப்பர் தோட்டம் வாங்கி அதைத் தோட்டமா மாத்த ஆரம்பிச்சப்போ, கைக்குத் தெரிஞ்சது போதலைன்னு உணர்ந்து லண்டன் போய்ப் படிச்சார். 1957-ல தகுதி பெறும்போது வயசு 38. அந்த லுனுகங்கா தோட்டம் ஒரு ஏரிக்கரையில இருக்கு. படத்துல பாருங்க, எந்தச் செடிக்குப் பின்னாடி நின்னா தண்ணி தெரியணும், எங்க திரும்பினா மறையணும்னு அப்படியே ஒரு மேடைக்காரர் யோசிக்கிற மாதிரி இருக்கும்.

படிக்காமலே போனவங்களும் இருக்காங்க. டிடி கான்ட்ராக்டர்னு ஒரு அம்மா, அமெரிக்காவுல பிறந்து இந்தியாவுக்கு வந்தவங்க, படிச்சது ஓவியம். கட்டடக்கலைப் பட்டம் கிடையாது. இமாச்சலத்துல தர்மசாலா பக்கம் மண்ணும் மூங்கிலும் ஸ்லேட் கல்லும் வெச்சு வீடு வீடா கட்டினாங்க. 2021-ல காலமானாங்க. எதிர்த் திசையிலும் ஆள் உண்டு. திருவான்மியூர் கலாக்ஷேத்ராவுக்குப் போனீங்கன்னா கூத்தம்பலத்தைப் பாருங்க. அதை வடிவமைச்ச அப்புக்குட்டன் நாயர் இன்ஜினியர், கூடியாட்டத்துல ஊறினவர். நான் அங்க நிகழ்ச்சி பார்க்கப் போகும்போதெல்லாம் மேடையை விட்டுட்டு உத்தரத்தைத்தான் பார்த்துக்கிட்டு இருப்பேன்.

எந்தக் கதவு திறக்கும், எது திறக்காது

இப்போ காரியத்துக்கு வருவோம். நோட் எடுக்கிறவங்க எடுத்துக்கங்க.

இந்தியாவுல ஆர்க்கிடெக்ட் ஆகறதுக்கு அடிப்படை பி.ஆர்க், அஞ்சு வருஷம். நாட்டா தேர்வு, இல்லைன்னா ஜே.இ.இ.யில ரெண்டாம் தாள். பிளஸ் டூவுல கணிதமும் இயற்பியலும் இருக்கணும். நான் எடுத்தது காமர்ஸ் குரூப். எங்க ஸ்கூல்ல மார்க் குறைஞ்ச பொண்ணுங்களை அங்கதான் தள்ளுவாங்க. பதினஞ்சு வயசுல வேற யாரோ டிக் போட்ட ஒரு கட்டம், இருபத்தாறு வயசுல என் முன்னாடி சுவரா நின்னது.

சரி, நேரா எம்.ஆர்க்? இங்க எம்.ஆர்க் சேர பி.ஆர்க் வேணும். நகரத் திட்டமிடல் முதுகலைக்குப் பொருளாதாரம், புவியியல், சமூகவியல் முதுகலை முடிச்சவங்களையும் எடுக்கறாங்க. டிசைன் கல்லூரிகள்ல இன்டீரியர், கண்காட்சி வடிவமைப்பு மாதிரி முதுகலைகளுக்கும் மேடைக்காரங்க போகலாம். நல்ல படிப்புகள். ஆனா அதெல்லாம் முடிச்சா கிடைக்கறது அந்தந்தத் துறைப் பட்டம், ஆர்க்கிடெக்ட் பதிவு இல்லை.

மூணாவது கதவு வெளிநாடு. அமெரிக்காவுல எம்.ஆர்க் ரெண்டு மூணு வகையில இருக்கு. கட்டடக்கலை இளங்கலை முடிச்சவங்களுக்கு ரெண்டு வருஷம். வேற எதைப் படிச்சவங்களுக்கும் மூணு, மூன்றரை வருஷம். இந்த நீளமான வகை கவிதை படிச்சவங்க, நர்ஸ், மேடைக்காரங்க எல்லாருக்கும் திறந்திருக்கு. என் வகுப்புல ஒருத்தர் பேக்கரி வெச்சிருந்தவர். ஆனா கவனிக்க வேண்டியது ரெண்டு. ஒண்ணு, பல கல்லூரிகள் கால்குலஸும் இயற்பியலும் ஒவ்வொரு பாடமாவது முடிச்சிருக்கணும்னு கேட்கும். நான் பதினொண்ணாம் வகுப்பு கணக்குப் புத்தகத்தைத் தமிழ்நாடு பாடநூல் கழக வெப்சைட்ல இறக்கி, காலையில அஞ்சு மணிக்கு எழுந்து போட்டேன். அப்புறம் ஆன்லைன்ல கிரெடிட் கிடைக்கிற பாடமா எடுத்து முடிச்சேன். ரெண்டு, நம்ம மூணு வருஷ டிகிரியைச் சில இடங்கள்ல முழு இளங்கலையா ஏத்துக்க மாட்டாங்க. நான் விஸ்காம் மூணு வருஷத்துக்கு மேல பாண்டிச்சேரி பல்கலைக்கழகத்துல நாடகத்துல ரெண்டு வருஷ முதுகலை பண்ணியிருந்தேன். "நாடகத்துக்கு எம்.ஏ.வா"ன்னு அன்னிக்குச் சிரிச்சவங்க நிறைய. அந்தப் பேப்பர்தான் காப்பாத்துச்சு.

திரும்பி வந்தா? இதை ஏஜென்ட் யாரும் சொல்ல மாட்டாங்க, அதனால அழுத்திச் சொல்றேன். 1972 ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர்ல பதிவு பண்ணினவங்கதான் "ஆர்க்கிடெக்ட்"ங்கிற பேரைப் போட்டுக்கலாம். வெளிநாட்டுப் பட்டம் எல்லாமே தானா ஏத்துக்கப்படறதில்லை. உங்க கல்லூரி, உங்க பட்டம் செல்லுமான்னு பணம் கட்டறதுக்கு முன்னாடியே கவுன்சிலுக்கு எழுதிக் கேட்டு, பதிலை எழுத்துல வாங்கிக்கங்க. 2020 மார்ச்ல உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புல தெளிவாக்கின விஷயம், சட்டம் தடுக்கறது அந்தப் பேரை மட்டும்தான், வடிவமைக்கிற வேலையை இல்லை. அதனால வடிவமைப்பாளரா வேலை செய்யலாம். ஆனா கட்டட அனுமதி வாங்கறப்போ பதிவு பெற்ற ஆர்க்கிடெக்டோ இன்ஜினியரோ கையெழுத்துப் போடணும். கையெழுத்து வேற ஒருத்தருடையதா இருக்கும்னு தெரிஞ்சேதான் நான் போனேன். அமெரிக்காவுலயே உரிமம் வாங்கணும்னாலும் பட்டம் மட்டும் போதாது. 3,740 மணி நேரம் அனுபவம் கணக்குக் காட்டணும், ஆறு தேர்வு எழுதணும்.

பணம். பொதுத்துறை வங்கியில ஏழரை லட்சத்துக்கு மேல கல்விக் கடன்னா அடமானம் கேட்பாங்க. எங்ககிட்ட என்ன இருக்கு? மாமா பொன்னேரி பக்கம் ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தார், அவர் பொண்ணு கல்யாணத்துக்கு. பத்திரத்தை எடுத்துக் கொடுத்துட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார், "வந்து எங்க வீட்டையும் பாரு." கல்விக் கட்டணத்துல ஒரு பகுதியைக் கல்லூரி கழிச்சது. மாணவர் விசாவுல கேம்பஸ்ல வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம், நான் மாடல் செய்யற பட்டறையில இருக்கேன். ரம்பம் பிடிக்கத் தெரிஞ்சதுக்குக் கிடைச்ச வேலை. அதுக்கு செட் போட்ட காலத்துக்குத்தான் நன்றி.

போர்ட்ஃபோலியோ, முதல் வருஷம் வாங்கின அடி

2022 டிசம்பர்ல முதல் தடவை விண்ணப்பிச்சேன். போர்ட்ஃபோலியோ பூரா மேடைப் படம். நீல லைட், புகை, நடிகர் நடுவுல. பார்க்க அழகா இருக்கும். எங்கேயும் கிடைக்கலை. ஒரு இடத்துல மட்டும் ரெண்டு வரி பதில் வந்தது, நீங்க எப்படி யோசிக்கறீங்கன்னு இதுல தெரியலைன்னு.

அடுத்த வருஷம் பாதிப் படத்தைத் தூக்கிட்டு, தரைப்படம், வெட்டுத்தோற்றம், அட்டை மாடல், சவுக்குக் கம்பு முடிச்சு எப்படிப் போட்டோம்ங்கிற ஸ்கெட்ச் எல்லாம் வெச்சேன். கடைசி ஆறு பக்கம் இந்த வீடு. டேப் எடுத்து ஒவ்வொரு அங்குலமா அளந்து வரைஞ்சேன். வரைய வரையத்தான் தெரிஞ்சது, இந்த வீட்டுக்குள்ள யாரும் வாழலைன்னு. சமையல் பின்னால ஓலை மறைப்புல. வலை சரி பண்றது, மத்தியானத் தூக்கம், அம்மா மீன் காசு எண்றது, எல்லாமே முன்னாடி அண்ணன் இறக்கின ஓலைச் சார்ப்புல. தளம் போட்ட அறையில இருந்தது பீரோவும் டிவியும் தூளியும். கட்டினவங்க வரைபடத்துல சார்ப்பு கிடையாது. தெரு முழுக்க எல்லா வீட்டுக்கும் தானா ஒரு சார்ப்பு முளைச்சிருக்கு. விழுந்த தளத்தையும் வரைஞ்சேன், நான் அப்பின பிளாஸ்டரையும் ஒரு வேற கலர்ல காட்டினேன். நேர்காணல்ல அந்தப் பக்கத்தைப் பத்தித்தான் கேட்டாங்க. 2024 ஆகஸ்ட்ல சேர்ந்தேன்.

மேடை எனக்கு என்ன கொடுத்ததுன்னா, வேகம். சபாவுல மத்தியானம் ஹால் கையில கிடைக்கும், ஏழு மணிக்கு ஷோ, பத்து மணிக்கு எல்லாத்தையும் பிரிச்சுக் குட்டி யானையில ஏத்தியாகணும். அதனால எதைச் செஞ்சாலும் இதை எப்படித் தூக்குவாங்க, எத்தனை பேர், எந்த வாசல் வழியாங்கிற யோசனை தன்னால வரும். மாடல் கை பழகியிருக்கும். 1:25-ல செஞ்சுக்கிட்டிருந்ததை 1:100-க்கு மாத்தணும், அவ்வளவுதான். ஒருத்தர் உள்ள வரும்போது முதல்ல எதைப் பார்க்கறார், வெளிச்சம் எங்கிருந்து விழுதுங்கிறதை யாரும் சொல்லித் தர வேண்டாம். இதுல எல்லாம் நான் வகுப்புல முன்னாடிதான்.

ஆனா முதல் ஜூரியில விழுந்தேன். ஒரு சின்ன வாசிப்பறை வடிவமைக்கணும். வரைஞ்சு, மாடல் வெச்சு, நல்லா பேசினேன். ஒரு பேராசிரியர் எழுந்து வந்து மாடலை அப்படியே திருப்பினார். பின்பக்கம் ஒண்ணுமே இல்லை. வெறும் அட்டை. நான் பார்வையாளர் உக்கார்ற பக்கத்துக்கு மட்டும் கட்டடம் செஞ்சிருக்கேன். "மழை பெஞ்சா இந்தத் தண்ணி எங்க போகும்?"னு கேட்டார். மேடையில மழை பெய்யாது சார்னு சொல்லத் தோணுச்சு, சொல்லலை.

கட்டடத்துக்கு நாலு பக்கமும் உண்டு, கீழேயும் மேலேயும் உண்டு, எல்லாத்துக்கும் மேல காலம் உண்டு. நான் செஞ்ச எந்தச் செட்டும் மூணு நாளைக்கு மேல நின்னதில்லை. எங்க பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவுல படுகளத்துக்குத் துரியோதனனை மண்ணுல படுக்க வெச்சுச் செய்வாங்க பாருங்க, அந்தப் பெரிய உருவத்தை. விடியறதுக்குள்ள வேலை முடிஞ்சாகணும், கூத்து முடிஞ்சதும் அதோட கதையும் முடிஞ்சது. அதுல ஒரு அழகு இருக்கு, நான் குறை சொல்லலை. ஆனா அதே ஊர்ல, டச்சுக்காரங்க கல்லறைக்கு ஸ்கூல் விட்டு விளையாடப் போவோம். வாசல்ல எலும்புக்கூடு செதுக்கின கல், உள்ள கப்பலும் குடும்பச் சின்னமும் செதுக்கின பலகைகள், 1600-கள்ல செத்தவங்களோடது. இன்னும் எழுத்தைத் தடவிப் படிக்கலாம். அவங்க பெருமையா கட்டின கெல்ட்ரியா கோட்டை இருந்த இடத்துல புதர்தான் இருக்கு. எது எவ்வளவு நாள் நிக்கும்னு கட்டினவங்களுக்கே தெரியறதில்லை. இருந்தாலும் கணக்குப் போட்டுப் பார்க்கணும்ங்கிறதை எனக்கு அந்தப் படிப்புதான் பழக்குது.

எல்லாருக்கும் இது சரிவருமான்னு கேட்டா, இல்லை. உங்களுக்குப் பிடிச்சது கதையும் வெளிச்சமும் அந்த ஒரு ராத்திரியும்னா, மேடையிலயே இருங்க, அது குறைஞ்ச தொழில் இல்லை. கண்காட்சி, மியூசியம், சினிமா கலை இயக்கம்னு பக்கத்துலயே வழி நிறைய இருக்கு. கடன் வாங்கி மூணு வருஷம் போறதுக்கு முன்னாடி ஆறு மாசம் ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீஸ்ல வேலை பார்த்துடுங்க. அங்க முக்கால்வாசி நேரம் கழிவறைக் குழாய், படிக்கட்டு உயரம், பில் சரிபார்க்கறது. அது அலுக்காம இருந்தா மேல யோசிக்கலாம். நான் பார்த்தது நாலு மாசம், தி.நகர்ல ஒரு சின்ன ஆபீஸ். எனக்குக் குழாய் பிடிச்சுப் போச்சு, ஏன்னே தெரியலை.

இந்த வீட்டு விஷயத்துக்கு வர்றேன். இந்த லீவுல பொன்னேரியிலிருந்து தெரிஞ்ச ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிட்டு வந்தேன். சுத்தியல் வெச்சுத் தட்டித் தட்டிக் கேட்டார். முன் அறைத் தளம் முக்கால்வாசி பொத்தல் சத்தம். ஒட்டுப் போட வேண்டாம், அந்த அறைக்கு மட்டும் தளத்தை இறக்கிடலாம், சுவர் தாங்கும்னார். இறக்கிட்டு மரச் சட்டத்துல ஓடு போடறதா, இல்லை சரியான கவரோட புதுத் தளமாங்கிறதுதான் இப்போ வீட்டுல சண்டை. அண்ணனுக்குத் தளம் வேணும். சுனாமியைப் பார்த்தவர், தண்ணி வந்தா மேலே ஏறி நிக்க இடம் வேணும்னு சொல்றார். அதுக்கு என்ன பதில் சொல்றது? அம்மாவுக்கு ஓடு. வெயில்ல தளத்துக்குக் கீழே படுக்க முடியலைங்கிறாங்க. நான் ரெண்டையும் வரைஞ்சு, அட்டையில மாடல் செஞ்சு திண்ணையில வெச்சிருக்கேன். இந்தத் தடவை நாலு பக்கமும். படிக்கட்டு வெச்சு, பின் அறைக்கு மேல மட்டும் ஏறி நிக்கிற மாதிரி ஒரு தளம், முன்னாடி ஓடு, அதுக்கும் முன்னாடி சார்ப்பு. இன்ஜினியர் கணக்குப் பார்த்துட்டு இருக்கார், கையெழுத்து அவரோடதுதான்.

நேத்து சாயங்காலம் அம்மா மாடலைத் தூக்கி, திருப்பி, அடியில எல்லாம் பார்த்தாங்க. "இது எத்தினி வருஷத்துக்கு நிக்கும்?"னு கேட்டாங்க. இத்தனை வருஷத்துல எந்த இயக்குநரும் என்கிட்ட அதைக் கேட்டதில்லை. கவர் சரியா இருந்து, நல்ல தண்ணியில கலந்தா இத்தனை வருஷம்னு விதிப்புத்தகத்துல இருக்கிறதைச் சொல்ல ஆரம்பிச்சேன். அம்மா பாதியிலயே, "கலக்கும்போது நீ கூட நிப்பியா?"ன்னாங்க. ஆகஸ்ட் பத்தாம் தேதி எனக்கு டிக்கெட். தளம் இறக்கறது ஜூலை கடைசியில. கான்கிரீட் போடற நாள் இன்னும் முடிவாகலை. டிக்கெட்டை மாத்த எவ்வளவு ஆகும்னு இன்னிக்குக் காலையில பார்த்து வெச்சிருக்கேன்.

அண்ணி கூப்பிடறாங்க. கேள்வி இருந்தா வழக்கம் போல வாய்ஸ் நோட் அனுப்புங்க.